இரண்டு அங்குலம்

எஸ்.டி.பி.எம். எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அழைப்புக்குக் காத்திருந்த மாதங்களில் அப்பாவோடு துவாஸில் வேலை செய்தேன். 1998-இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தை விடியுமுன் கடந்துவிடுவோம். தொழிற்சாலை ஓரத்துப் புல்தரைகள்தான் எங்கள் வயல்.

மழை பெய்தால் புல்வெட்டும் வண்டியின் பின்சக்கரம் கால்வாய்ச் சரிவில் வழுக்கும். கொட்டகையில் பல் வைத்த டிராக்டர் சக்கரங்கள் சும்மா கிடந்தன. அப்பா சாப்பிடப் போன நேரத்தில் மாட்டிவிட்டேன். போல்ட் துளைகள் கச்சிதமாகப் பொருந்தின. கெட்டிக்காரன் என்ற நினைப்பு!

ஆனால் அவற்றின் விட்டம் இரண்டு அங்குலம் கூடுதல். பின் அச்சு ஓர் அங்குலம் உயர, வண்டி முன்பக்கம் சாய்ந்தது. அடியில் தொங்கும் வெட்டுத்தட்டும் சேர்ந்து சாய்ந்து புல்லைச் சீரில்லாமல் வெட்டியது. திரும்பும்போது டயர்ப் பற்கள் புல்லையே பிடுங்கின. புல்தரை டயர் அகலமாக, ஆழமற்ற பள்ளங்களோடு, குறைந்த காற்றில் ஓடுவது பாரத்தைப் பரப்பத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

"போல்ட்டு பொருந்தினா போதுமாய்யா? உயரம் பார்க்க வேணாமா?" அவ்வளவுதான் அப்பா கேட்டார். இருவருமாகப் பழைய சக்கரங்களையே மாட்டினோம்.

மேற்பார்வையாளர் வந்து விசாரித்தார். "நான்தான் மாத்தினேன் சார்" என்றார் அப்பா. புதுப் புல் பதிக்கும் செலவு அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

மாலையில் பேருந்து பாலத்து நெரிசலில் நின்றது. "அப்பா…" என்று தொடங்கினேன். தூங்குபவர்போல் கண்களை மூடிக்கொண்டார்.