நிமிர்ந்து உட்கார ஒரு பயிற்சி

வலிமை என்றவுடன் நம் கண்முன் வருவது புடைத்த புயங்களும் விரிந்த மார்புமே. ஆனால் முதுகைத் தாங்கும் தசைகள் பல கண்ணாடியில் தெரிவதில்லை. இதை நான் அறிந்தது சென்ற ஆண்டில். பருவத் தேர்வு நெருங்கிய வேளையில், அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் பெஞ்சில் உட்கார முடியவில்லை. மூன்று மணி நேரத் தேர்வை எவ்வாறு எழுதுவது? எலும்பில் கோளாறு இல்லை என்று கூறிய மருத்துவர், பிசியோதெரபி பகுதிக்கு அனுப்பினார். அங்கிருந்த அம்மையார் ஒரு பாயை விரித்து, "மல்லாந்து படுங்க, தம்பி" என்றார்.

அவர் கற்பித்த பயிற்சியின் பெயர் பிலாட்டீஸ். வரலாற்று மாணவனல்லவா, பெயரின் பின்னே ஓடினேன்! ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். இளமையில் ஆஸ்துமாவால் நலிந்த நோஞ்சான் பிள்ளை என்பர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்த அவரை, ஜெர்மானியர் என்பதால் முகாமில் அடைத்தனர். அங்கே சக கைதிகளுக்குப் பயிற்சி அளித்தாராம். பின்னர் நியூயார்க்கில் அவர் நடத்திய கூடத்தை நடனக் கலைஞர்கள் நாடி வந்தனர். 1945இல் வெளிவந்த அவரது நூலில் உள்ளவை 34 பயிற்சிகளே. தம் முறைக்கு அவர் இட்ட பெயர் 'கான்ட்ராலஜி'. 1967இல் அவர் மறைந்தார். இன்று அவர் பெயரே பயிற்சியின் பெயர்.

மூட்டை சுமப்போர் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அத்துண்டைப்போல் வயிற்றைச் சுற்றி உள்ளே ஒரு தசை உண்டு. அது தளர்ந்தால் முதுகுத் தசைகளின் பாடு திண்டாட்டம். பிலாட்டீஸ் முதலில் எழுப்புவது அதைத்தான். 'நூறு' என்றொரு பயிற்சி: மல்லாந்து படுத்து, கால்களை உயர்த்தி, தலையையும் தோள்களையும் தரையிலிருந்து எழுப்பி, நீட்டிய கைகளை மேலும் கீழும் சிறிதாக அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சை உள்ளே இழுத்து, ஐந்து அசைவுக்கு வெளியே விட வேண்டும். பத்து முறை செய்தால் நூறு. புதியவர்கள் முழங்காலை மடக்கிக்கொள்ளலாம். எனக்கு முதல் நாள் முப்பதிலேயே வயிறு நடுங்கியது. மல்லாந்த கரப்பான்பூச்சி என்று அறைத்தோழன் பெயர் சூட்டினான்; அவனையும் படுக்க வைத்தேன், இருபதோடு எழுந்துவிட்டான்!

இது சர்வரோக நிவாரணி அன்று. 2015இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இடுப்பு வலிக்கு இது ஓரளவு உதவுவதாகக் கூறியது; பிற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்று உறுதி சொல்லவில்லை. எனக்குப் பிடித்தது இதன் நிதானம். வேகமாக ஐம்பது செய்வதைவிட, இடுப்பு கோணாமல் ஐந்து செய்வதே இங்குப் பெரிது. இரண்டு மாதத்தில் என் வலது தோளின் சாய்வு குறைந்தது. தேர்வில் கடைசி மணி அடிக்கும் வரை உட்கார்ந்து எழுதினேன்.

முதுகுத் தட்டு விலகியவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. மற்றவர்களுக்கு ஒரு பாயும் பதினைந்து நிமிடமும் போதும். விடுதி மொட்டைமாடியில் காலை ஆறு மணிக்கு நாங்கள் இருவர் இருப்போம். இன்னும் பத்துப் பாய்க்கு இடமிருக்கிறது.