தம்பி வளர்க்கும் முருகைக்கல்

போன கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் இன்பொக்ஸில் கேட்டிருந்தீர்கள். "சேர், அந்தக் கண்ணாடித் தொட்டிக்குள்ள குச்சி குச்சியா நிக்கிறது என்ன? நாங்களும் வளர்க்கலாமா?" என்று. தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. தவணைப் பரீட்சைத் தாள்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது கத்தாரில் இருக்கும் என் தம்பியின் தொட்டி. அதற்குள் நிற்பவை முருகைக்கல் துண்டுகள், உயிருள்ளவை. நாங்களும் வளர்க்கலாமா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நமது கடலில் முருகைக்கல் எடுப்பது குற்றம். 1988இல் வந்த கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், கரையோர வலயத்தில் அதைத் தோண்டுவது, சேர்த்து வைப்பது, ஏற்றிப்போவது, சூளையில் எரிப்பது எல்லாவற்றையும் தடைசெய்திருக்கிறது. பாசிக்குடாவுக்குப் போய் ஒரு கொப்பை முறித்துவந்து போத்தலில் போடும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். தம்பியிடம் இருப்பவை கடலில் எடுத்தவை அல்ல. அங்கே இன்னொருவர் தன் தொட்டியில் வளர்த்த கல்லில் இருந்து வெட்டிக் கொடுத்தவை.

நோன்பு விடுமுறையில் நான் அங்கே போயிருந்தேன். தராவீஹ் முடிந்து வந்து ஸஹர் வரைக்கும் தம்பிக்கும் எனக்கும் இதுதான் வேலை. தொட்டி பெரியதல்ல. நீளம் 60, அகலம் 40, உயரம் 25 சென்ரிமீற்றர். 60 லீட்டர் பிடிக்கும். உயரம் குறைவாக இருப்பது வேண்டுமென்றே. துண்டுகளுக்கு வெளிச்சம் நன்றாக இறங்க வேண்டும், கையை விட்டு எடுத்து வைக்கவும் வசதியாக இருக்க வேண்டும்.

"கடல் பக்கத்திலதானே இருக்கு, நாலு கலன் அள்ளிட்டு வந்தா என்ன?" என்று கேட்டேன். தம்பி சிரித்தான். வளைகுடாக் கடலில் வெயிலுக்கு நீர் ஆவியாகி உப்பு கூடிவிடுகிறது. ஒரு லீட்டரில் 40 கிராமுக்கு மேலேயே இருக்கும். தொட்டிக்கு வேண்டியது 35 கிராம். அதனால் வடிகட்டிச் சுத்தமாக்கிய நீரில் கடைச் செயற்கைக் கடலுப்பை அளந்து கரைக்க வேண்டும். 60 லீட்டருக்கு இரண்டு கிலோவும் இன்னும் 100 கிராமும். பிறகு ஒரு சின்ன மோட்டார் நீரை ஓட்டிக்கொண்டே இருக்கும். கல் கால் நகர்த்தாத உயிர், இரையும் ஒட்சிசனும் அதனைத் தேடி வர வேண்டும். மேலே எல்.ஈ.டி. விளக்கு எட்டு மணித்தியாலம். வெப்பநிலை 25, 26 பாகை செல்சியஸ்.

இதெல்லாம் ஒரே இரவில் முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் காத்திருப்பு. தம்பி ஒரு பச்சை இறால் துண்டைத் தொட்டியில் போட்டான். அது அழுகும்போது அமோனியா வரும். அமோனியாவை நைத்திரைற்றாகவும், நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் மெல்லப் பெருகும். முதல் இரண்டும் பூச்சியத்துக்கு வரும் வரை எந்த உயிரையும் உள்ளே விடக்கூடாது. நாலு கிழமையும் ஆகலாம், ஆறு கிழமையும் ஆகலாம். நைதரசன் வட்டத்தைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனையோ வருடம் கீறியிருக்கிறேன். அது நாறும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. தம்பியின் மனைவி ஜன்னலைத் திறந்துவைத்து, "காக்கா, இதுக்குள்ள எப்ப மீன் வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. மீனே வராது என்று சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை. நான் ஊர் திரும்பும் நாளிலும் தொட்டியில் இருந்தது உப்புத் தண்ணீரும் அந்த வாடையும் மட்டும்தான்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன்.

எங்கள் வாப்பா சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்தவர். கல்குடாப் பக்கத்துச் சூளை. வள்ளத்தில் வரும் முருகைக்கல்லை உடைத்து, விறகும் கல்லுமாக அடுக்கி, நெருப்பு வைத்து, இரவெல்லாம் காவல் இருப்பார். காலையில் வரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். விரல் இடுக்குகள் வெந்து வெடித்திருக்கும், உம்மா தேங்காயெண்ணெய் பூசிவிடுவா. அந்தக் கூலியில்தான் ஐந்து பிள்ளைகள் படித்தோம். நான் ஆசிரியர் ஆனதும் தம்பி பொறியியல் படித்ததும் அந்தச் சூளைக் காசில். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் சாந்தில் இருப்பதும் அந்தக் கல்தான். சட்டம் வந்த பிறகும் எங்கள் பக்கம் கொஞ்சக் காலம் சூளை எரிந்தது. யுத்த காலத்தில் யார் வந்து பார்ப்பார்? பிறகு அது நின்றது, வாப்பா சைக்கிளில் மீன் விற்கப் போனார்.

முருகைக்கல் போனால் என்ன நடக்கும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. பெரலியவில் ரயிலை அலை அடித்துப்போட்ட இடத்துக்கு முன்னால் கடலில் கல் அகழப்பட்டிருந்தது. அங்கே அலை உள்ளே புகுந்த தூரத்தையும், கல் மிஞ்சியிருந்த ஹிக்கடுவைப் பக்கத்தில் புகுந்த தூரத்தையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். இதை வகுப்பில் படிப்பிக்கும்போது வாப்பாவின் விரல்கள் என் கண்ணுக்கு முன்னால் வரும். பிள்ளைகளிடம் "கல்லை எடுத்தவர்கள் செய்தது தவறு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வருவதில்லை. எடுத்தது யார், வாங்கி வீடு கட்டியது யார், சூளைக்குச் சொந்தக்காரன் யார் என்று கேட்காமல் அந்த வரி முழுமையாகாது.

தம்பியின் தொட்டிக்கு வருகிறேன். ஆறாவது கிழமை நைத்திரைற்று பூச்சியம். முதலில் விட்டது கடினமான கல் இல்லாத, காளான் மாதிரி இருக்கும் மென்மையான இனம் ஒன்று. அது பிழைத்த பிறகே மொண்டிபோரா எனும் கொப்புக் கல். அதை வெட்டி ஒட்டிய அன்று வீடியோ அழைப்பு எடுத்தான். ஊரில் என் பக்கத்தில் வாப்பா. தம்பி கையுறை போட்டு, கண்ணாடியும் அணிந்திருந்தான். சில இனங்களில், முக்கியமாகப் பொத்தான் பவளம் என்பவற்றில், கொடிய நஞ்சு உண்டு. வெறுங்கையால் தொடவோ, அந்தக் கல்லைக் கொதிநீரில் போடவோ கூடாது. மொண்டிபோராவில் அந்தப் பயம் இல்லை, ஆனாலும் பழக்கம் பழக்கம்தான். வெட்டுக் குறட்டால் விரல் நீளக் கொப்பை நறுக்கென்று முறித்து, அடியில் சுப்பர் குளூ ஜெல் வைத்து, சீமெந்து வில்லை ஒன்றில் நட்டான். எல்லாம் ஒரு நிமிடம்.

"கொப்புக் கல்லு," என்றார் வாப்பா. "கெதியா வேகும். மண்டைக் கல்லத்தான் உடைச்சுப் போடணும்."

தம்பி சிரித்துக்கொண்டே ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினான். "வாப்பா, இதுக்குச் சாப்பாடு என்ன தெரியுமா? சுண்ணாம்புத் தண்ணி."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல் வளர வளரத் தொட்டி நீரில் கல்சியம் குறையும். அதை ஈடுசெய்யப் பலர் கையாளும் பழைய வழி கல்சியம் ஐதரொட்சைட்டு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. ஒரு லீட்டரில் ஒன்றரைக் கிராமளவில்தான் கரையும். அடியில் படிந்ததை விட்டு மேல் தெளிவை மட்டும் எடுத்து, அன்றைக்கு ஆவியாகிப் போன நீருக்குப் பதிலாக, இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கடுமையான காரம் அது. அவசரப்பட்டு ஊற்றினால் எல்லாம் செத்துவிடும். தூய தூள்தான் போட வேண்டும். உம்மாவின் வெற்றிலை வட்டாவில் இருப்பது உதவாது. உம்மா அங்கிருந்து, "ஏன், எண்ட சுண்ணாம்புக்கு என்ன குறை?" என்று கேட்டா.

சூளையில் நடப்பது என்ன? கல்சியம் காபனேற்று வெந்து காபனீரொட்சைட்டு வெளியே போகிறது. 100 கிலோ தூய கல்லுக்கு 56 கிலோ நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். மிச்சம் 44 கிலோ புகையோடு புகையாக வானத்துக்கு. நீர் தெளித்து நீற்றினால் 74 கிலோ. தொட்டியில் நடப்பது இதன் மறுபக்கம். அந்தச் சுண்ணாம்பு காபனீரொட்சைட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள, அந்தச் சின்ன உயிர்கள் இரண்டையும் சேர்த்து மறுபடி கல்லாகக் கட்டுகின்றன. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை எத்தனை முறை கொடுத்திருப்பேன்.

நான் இதை விளக்கியபோது வாப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "நாங்க எரிச்சதுல ஒரு கூடைக்கு எத்தன வருசம் வளக்கணும் மகன்?" என்று தம்பியிடம் கேட்டார்.

தம்பி நேர்மையாகச் சொன்னான். கொப்புக் கல் வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர், நல்ல இனமென்றால் பத்துக்கு மேலும் போகும். மண்டைக் கல் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான். ஆள் உயர மண்டைக் கல்லென்றால் நூறு வருடம் தாண்டும். அதற்கிடையில் கடல் சூடானால், 1998இல் நமது கரைகளில் நடந்ததுபோல, கல்லுக்குள் இருக்கும் பாசி வெளியேறி எல்லாம் வெளிறிவிடும். தம்பியின் தொட்டி கடலைக் காப்பாற்றப்போவதில்லை. அவனும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

இப்போது நாலு மாதமாகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால் வாப்பா கேட்கும் முதல் கேள்வி, "கல்லு எவ்வளவு?" என்பதுதான். தம்பி அடிமட்டத்தை வைத்துப் படம் அனுப்புவான். ஒன்றரைச் சென்ரிமீற்றர் கூடியிருக்கிறது, பக்கத்தில் புதிதாக இரண்டு முளையும். நீங்கள் பார்த்த படம் அதுதான்.

அடுத்த தவணை, சுண்ணாம்பு நீருக்குள் உறிஞ்சு குழாயால் ஊதிப் பால்நிறமாக்கும் பரிசோதனை இருக்கிறது. அந்தப் பால்நிறமும் இதே கல்தான். அன்றைக்கு வாப்பாவைப் பாடசாலைக்குக் கூட்டிவந்து சூளையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசச் சொல்லலாமா என்று அதிபரிடம் கேட்டேன். சம்மதித்துவிட்டார். வாப்பாதான், "நான் என்னத்தச் சொல்ல, எனக்கென்ன தெரியும்" என்கிறார். ஆனால் பெருநாளைக்கு எடுத்த சாரனை மடித்து வைக்கும்படி உம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.