அந்த ஒரு எக்ஸ்ட்ரா சீட்!

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸி, ரொனால்டோ என்று கிளம்பிடாதீங்க. இது அமெரிக்கன் ஃபுட்பால். கோழிமுட்டையை இழுத்து நீட்டின மாதிரி ஒரு பந்து, தலையில் ஹெல்மெட், பக்கத்துக்குப் பதினோரு பேர். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறணும். முடியலைன்னா பந்து எதிராளிக்கு. "நம்ம கபடி மாதிரிதான், இடம் பிடிக்கிற சண்டை" என்பார் அப்பா. எனக்குப் பத்து வயசில், தரையில் 22 புளியங்கொட்டையைப் பரப்பி இதெல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

அதிலும் அவருக்கு காலேஜ் ஃபுட்பால் மட்டும்தான். காலேஜ் என்றால் மிச்சிகன் மட்டும்தான். 1997-ல் அங்கே எம்.எஸ். சேர்ந்தார். அந்த சீஸனில் மிச்சிகன் ஆடிய 12 மேட்ச்சிலும் ஜெயம்! ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக சார்லஸ் வுட்சன் பந்தைப் பிடித்து 78 கஜம் ஓடியதை, எங்கள் வீட்டு ஹாலில் எத்தனை தடவை ஓடிக் காட்டியிருப்பாரோ. போன முதல் வருஷமே இப்படி அமைந்தால் யாருக்குத்தான் பைத்தியம் பிடிக்காது?

2025 ஜூனில், செமஸ்டர் லீவில் நானும் அந்த ஊருக்குப் போனேன். ஊர் பெயர் ஆன் ஆர்பர். பக்கத்து கான்டனில் அத்தை வீடு, காரில் அரை மணி நேரம்தான். இத்தனை வருஷம் அங்கே இருந்தும் அத்தை ஸ்டேடியம் பக்கம் போனதே இல்லையாம்.

மலை மாதிரி நிற்கும் என்று நினைத்துப் போனால், வெளியே செங்கல் சுவர்தான். விஷயம் என்னன்னா, ஸ்டேடியத்தில் முக்கால்வாசி தரைக்குக் கீழே! 1927-ல் பள்ளம் தோண்டிக் கட்டியிருக்கிறார்கள். அடியில் ஊற்று, சேறு. தோண்ட வந்த ஒரு கிரேனையே மண் விழுங்கிவிட்டது, இன்னமும் அது உள்ளேதான் இருக்கிறது என்று ஒரு கதை உண்டு. (சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் மேற்கொண்டு விசாரிக்கவும்!)

உள்ளே 1,07,601 பேர் உட்காரலாம். ஏறக்குறைய மூணு சேப்பாக்கம். ஊரின் மொத்த ஜனத்தொகையே ஒன்றேகால் லட்சத்துக்குள்தான். ஆடுவது ஸ்டூடன்ட்ஸ் என்பதை மறந்துடாதீங்க. நம்ம இன்டர்-காலேஜ் மேட்ச்சுக்கு வருகிற கூட்டத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டேன்.

அந்தக் கடைசி 'ஒன்று' இருக்கே, அதுதான் அப்பாவின் ஃபேவரிட். ஃப்ரிட்ஸ் கிரிஸ்லர் என்று ஒரு பழைய கோச். மிச்சிகனின் புகழ்பெற்ற சிறகு போட்ட ஹெல்மெட்டை 1938-ல் கொண்டுவந்தவர். அவர் நினைவாக ஒரு சீட் கூடுதல். எது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "என் பக்கத்து சீட்டா இருந்திருக்கும்" என்று அடித்துவிடுவார் அப்பா.

அங்கே மத்தியான மேட்ச் என்றால் நமக்கு ராத்திரி ஒன்பதரை. அக்டோபர் தாண்டினால் பத்தரை. லேப்டாப் முன்னால் நானும் அவரும். 2015-ல் மிச்சிகன் ஸ்டேட்டுடன் ஒரு மேட்ச். பத்தே செகண்ட் பாக்கி, நாங்கள்தான் முன்னிலை. பந்து கைநழுவி, எதிராளி ஓடிப்போய் ஜெயித்துவிட்டான். அப்பா ஒன்றும் பேசவில்லை. போய்ப் பால் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார். ஒஹையோ ஸ்டேட்டிடம் 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் வரிசையாக அடி. 2021 நவம்பரில்தான் 42-27 என்று ஜெயித்தோம். பனி கொட்டுகிற மைதானத்துக்குள் ஜனம் இறங்கி ஓடியது. "அந்தக் குளிரு எனக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை அவருக்கு.

2022 ஏப்ரலில் மாரடைப்பு. அப்பா போய்விட்டார்.

2024 ஜனவரி 9, காலை ஆறு மணி. ஹாஸ்டல் கட்டிலில் மொபைலை வைத்துக்கொண்டு ஃபைனல் பார்த்தேன். வாஷிங்டனை 34-13 என்று தோற்கடித்து மிச்சிகன் தேசிய சாம்பியன். 1997-க்கு அப்புறம் இப்போதுதான்! யாரிடம் சொல்வது? ரூம்மேட்டுக்கு ஃபுட்பால் என்றால் மெஸ்ஸிதான். அத்தைக்கு போன் போட்டேன். அங்கே நடுராத்திரி. "அண்ணன் டீமா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கேட் பூட்டியிருந்தது. கம்பி இடுக்கு வழியே கீழே பச்சை மைதானம் தெரிந்தது. "அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்?" என்றார் அத்தை. மாணவர்களுக்கான வடமேற்கு மூலையைக் காட்டினேன். செல்லில் போட்டோ எடுத்தார். கம்பிதான் பெரிசாக விழுந்திருந்தது. இன்னொன்று எடுத்தார்.

அங்கிருந்து கேம்பஸுக்குப் போனோம். நடுவே 'டயாக்' என்று ஒரு திடல். தரையில் பித்தளையில் பெரிய 'எம்' எழுத்து. முதல் பரீட்சைக்கு முன்னால் அதை மிதித்தால் ஃபெயில் என்பது அங்கத்து நம்பிக்கை. அப்பா டிகிரி வாங்கின நாள்கூட அதைச் சுற்றித்தான் போனாராம். நான் படிக்கிறது வேற காலேஜ் ஆச்சே என்று காலைத் தூக்கினேன். அத்தை சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உனக்கு நாலாவது செமஸ்டர் ரிசல்ட் இன்னும் வரலல்ல? சுத்திப் போ!"