பிடிமண் கொடுக்கும் வீடு

பிள்ளைக்காக அய்யனாருக்கு மண் குதிரை நேர்ந்துகொண்டால் வீட்டார் நேரில் வந்து சொல்ல வேண்டும். போனில் சொன்னால், குதிரை செய்யும் குயவரான வேளார் கணக்கில் சேர்ப்பதில்லை. வரும்போது ஊர்க் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து, வெற்றிலை பாக்கோடு முன்பணமும் வைத்துக் கொடுக்க வேண்டும். இதுதான் பிடிமண். அதை வாங்கிய நாளிலிருந்து குதிரை கோயில் சேரும்வரை வேளார் வீட்டில் கறி, மீன் கிடையாது. கொடுத்த வீட்டிலும் கிடையாது. உயரத்தைக் கூட்டு, குறை என்று நடுவில் வந்து கேட்கக் கூடாது. குதிரை எடுக்கிற அன்று பெற்றவர்கள் நடந்து வந்து தோள்கொடுத்துத் தூக்க வேண்டும். குதிரைமேல் யாரும் ஏறக் கூடாது, யாருக்காக நேர்ந்தார்களோ அந்தப் பிள்ளைகூட.

எம். புதுப்பட்டிப் பக்கத்தில் ஒரு வேளார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டேன். அங்கே என்னை அழைத்துப்போனவர் என் நண்பர், பள்ளி ஆசிரியர். அவருடைய தங்கை மகன் மூன்று வயது தாண்டியும் எழுந்து நிற்கவில்லை. மதுரையில் வைத்தியம் பார்த்தார்கள். பிள்ளை நடந்தால் அய்யனாருக்கு ஒரு குதிரையும் ஒரு மதலையும் வைப்பதாகப் பாட்டி நேர்ந்துகொண்டார். மதலை என்றால் குழந்தை உருவம், அதுவும் மண்ணில்தான். இப்போது பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். அன்று பிடிமண் கொடுக்க வந்த கூட்டத்தில் அவனும் இருந்தான்.

அந்த வீட்டு வேளாரான பெரியவர் அவனைத்தான் முதலில் கூப்பிட்டார். "வா ராசா, கையைக் கொண்டா." அவனுடைய உள்ளங்கையில் மண்ணை வைத்து, அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் ஏந்தி வாங்கிக்கொண்டார். பிறகு நண்பரின் மைத்துனரைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள, பிள்ளையப் பெத்தது நீங்க. வேலை இருக்கு, லீவு இல்லனு அன்னைக்கு ஆள் அனுப்பக் கூடாது. நீங்க தூக்குனாத்தான் குதிரை எந்திரிக்கும்." மைத்துனர் பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுகிறவர். சரி என்று தலையாட்டினார்.

சிங்கம்புணரிப் பக்கம் இதைப் புரவி எடுப்பு என்று ஊரே சேர்ந்து திருவிழாவாகச் செய்கிறார்கள். முதலில் அரண்மனைப் புரவி போகும். அதன் பின்னால் வீட்டு நேர்த்திப் புரவிகள் வரிசையாகப் போகும். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் 30 அடிக்கும் மேல் உயரமுள்ள அய்யனார் குதிரை நிற்கிறது. அது சுதை, மண் அல்ல. எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் அவ்வளவு கொண்டாட்டம் இல்லை. பங்குனி உத்திரத்துக்கோ சிவராத்திரிக்கோ குலசாமி கும்பிட வரும் குடும்பங்கள், நேர்ந்த குதிரையைக் கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போகும்.

பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். அவர் வேலையைப் பார்க்க நான் மறுபடியும் போனேன். கண்மாய்க் களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்து வைத்திருந்தார். குதிரையில் முதலில் வருவது கால்கள். மண்ணைக் கயிறாகத் திரித்து, வளையம்மேல் வளையமாக ஏற்றி, உள்ளே வெற்றிடம் விட்டு நான்கு தூண்களாக எழுப்புகிறார். கால் இறுகி எடை தாங்கும் பதம் வந்தபிறகே வயிறு. வயிறு இறுகியபின் கழுத்து. அவசரப்பட்டு ஒருநாள் முன்னால் ஏற்றினால் கால் பிதுங்கிவிடும். நாள் கடத்தினால் பழைய மண்ணும் புதிய மண்ணும் ஒட்டாது. பதம் பார்ப்பதற்கு அவரிடம் இருப்பது பெருவிரல் ஒன்றுதான்.

அந்த வேலை முழுவதிலும் என் கண் ஒரு பலகையைவிட்டு நகரவில்லை. முழங்கை நீளத்துக்குப் புளிய மரத்தில் செதுக்கிய தட்டுப்பலகை. இடது கையில் வழவழப்பான ஒரு குழவிக்கல்லை உள்பக்கம் அணைகொடுத்து, வெளியே பலகையால் தட்டிக்கொண்டே போகிறார். தட்டுகிற ஒவ்வொரு தட்டிலும் சுவர் கெட்டிப்படுகிறது, உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது. காற்று தங்கிய இடத்தில் ஈரம் நின்றால் சூளையில் வெடித்துவிடும். பலகையின் பிடி அவருடைய அப்பா, தாத்தா கைகளில் தேய்ந்து, நடுவில் ஒடுங்கிப்போயிருந்தது. நான் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. "சத்தத்தைக் கேளுங்க தம்பி" என்று காலிலும் வயிற்றிலும் தட்டிக் காட்டினார். காலில் கெட்டியாக ஒரு சத்தம், வயிற்றில் பானைபோல இன்னொன்று. எங்கே மண் மெலிந்திருக்கிறது என்பது அவருக்குக் காதிலேயே தெரிந்துவிடுகிறது. இந்தப் பலகை பன்னிரண்டு வயதில் அவர் கைக்கு வந்ததாம்.

நடுவில் சில வருடங்கள் பலகையைப் பரணில் போட்டுவிட்டு அவரும் பட்டாசு ஆலைக்குப் போயிருக்கிறார். அலுமினியப் பானை வந்து சட்டிபானை வியாபாரம் படுத்த காலம். ஆலையில் காகிதக் குழாயின் அடியில் களிமண் வைத்து அடைக்கும் வேலை கிடைத்தது. "அங்கயும் மண்ணுதான். ஆனா அந்த மண்ணு என்னவாச்சுன்னு பாக்க முடியாது, வெடிச்சுப் போயிரும்." சனிக்கிழமை தவறாமல் கூலி வந்தது. அந்தக் கூலியில் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். ஒரு பங்குனியில் குதிரை கேட்டு வந்த வீட்டாரைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் பலகையை இறக்கியவர், பிறகு ஆலைக்குப் போகவில்லை.

அவருடைய மகன் இப்போதும் ஆலைக்குத்தான் போகிறார். விடிந்ததும் வேன் வந்துவிடும். ஓர் அறையில் நான்கு பேருக்குமேல் இருக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. அந்த விதியை மீறிய இடங்களில் என்ன நடந்தது என்பதை இந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் நாற்பது பேரளவுக்கு இறந்தார்கள். அதன்பின் சில வீடுகள் மகன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று குதிரை நேர்ந்துகொண்டதாகப் பெரியவரின் மனைவி சொன்னார்.

பட்டாசுக்கும் குதிரைக்கும் இந்த ஊரில் ஒரே வெயில்தான் வேண்டியிருக்கிறது. மழை குறைந்த, காய்ந்த காற்றடிக்கும் பூமி. மருந்து காய்வதற்கும் மண் காய்வதற்கும் இதைவிட நல்ல இடம் இல்லை. சூளைக்குத்தான் இடமில்லை. வைக்கோல், வறட்டி, விறகு அடுக்கித் திறந்தவெளியில் தீ மூட்ட வேண்டிய தொழில் இது. முன்பு சூளை போட்ட பொட்டலுக்கு அருகில் ஆலை வந்துவிட்டதால், இப்போது குதிரையைப் பாகம் பாகமாக வண்டியில் ஏற்றி வேறு ஊர் எல்லைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வருகிறார். சுண்ணாம்பு அடித்து வண்ணம் தீட்டுவதைப் பற்றி எழுத என்னிடம் அதிகமில்லை. கடையில் வாங்கிய டப்பா பெயின்ட்தான்.

நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளையும் குதிரையையும் வேறு நாடுகளில் வேறு வழியில் சேர்த்திருக்கிறார்கள். இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பிரிட்டனில் 1969இல் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றச் சங்கமே உருவானது. தன்னார்வலர்கள் நடத்தும் அப்படிப்பட்ட பயிற்சியில் பிள்ளைக்குத் தலைக்கவசம் உண்டு, தேவைப்பட்டால் இரு பக்கமும் ஆள் கூடவே நடந்து வருவார்கள், சொன்ன நேரத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் பொறுப்பு பெற்றவர்களுடையது. காசு கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது. வேளார் சொல்லும் விதிகளும் இதைத்தான் கேட்கின்றன: பிள்ளைக்காகச் செய்வதைப் பெற்றவர்கள் கூடவே நின்று செய்ய வேண்டும்.

இந்த விதிகளை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. வேளாருக்கு இருந்த ஒரே தொழில் பாதுகாப்பு இவைதான். பிடிமண் கொடுத்தபின் பேச்சு மாறக் கூடாது என்பது அவருடைய ஒப்பந்தம். முன்பணம் அவருடைய மூலதனம். வீட்டார் வந்துதான் தூக்க வேண்டும் என்பதால் மீதிப் பணம் நிற்காமல் கைக்கு வந்தது.

இடையில் புகுந்த தரகர்கள் இதைத்தான் முதலில் உடைத்தார்கள். வெளியூரில் குடியேறிய குடும்பங்களுக்கு வர நேரமில்லை. அவர்களுக்குப் போனில் படம் அனுப்பி, விலை பேசி, "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்கிறார்கள். பிடிமண்ணும் கிடையாது, முன்பணமும் கிடையாது. வேளாரிடம் வந்து கிடைத்த விலைக்கு எடுத்துக்கொண்டு, அதுபோல மூன்று மடங்கு வீட்டாரிடம் வாங்குகிறார்கள். சூளையில் காது உடைந்தால் நட்டம் வேளாருக்கு. வழியில் கால் உடைந்தாலும் அவர் தலையில்தான் கழிக்கிறார்கள். இன்னொரு கூட்டம் இதே குதிரைகளைக் கடற்கரைச் சாலை விடுதிகளின் வாசலில் அழகுக்கு நிறுத்த வாங்கிப்போகிறது. செய்தவர் பெயர் எங்கும் இருக்காது. அச்சில் வார்த்த சிமென்ட் குதிரையை "உடையாது, நூறு வருசம் நிற்கும்" என்று விற்கிறார்கள். மண் குதிரை உடைய வேண்டியதுதான்! உடைந்து மண்ணோடு சேர்ந்தால்தான் அடுத்த தலைமுறை இன்னொன்று வைக்கும், வேளார் வீட்டில் அடுப்பு எரியும். பக்தியில் இடைத்தரகு வாங்குவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் நம் சோம்பலில்தான் வளர்கிறது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, மழைக்கால நிவாரணம் இருக்கிறது. கண்மாய் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024இல் விதியை எளிதாக்கினார்கள். மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அய்யனார் குதிரையை அரசு வாங்கப்போவதில்லை. அதை வாங்க வேண்டியவை நேர்ந்துகொண்ட குடும்பங்கள்தான்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைக்காக ஒரு குதிரை நேர்ந்து நிலுவையில் இருக்கலாம். பங்குனிக்கு வைப்பதாக இருந்தால் தை பிறந்ததும் கிளம்புங்கள். ஊரில் வேளார் வீடு எதுவென்று கேட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கள். பிடிமண்ணோடு விலையில் பாதியாவது முன்பணமாகக் கொடுங்கள். மீதியைக் குதிரையைத் தோளில் ஏற்றும் முன் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.