அன்னத்தின் கழுத்தில் ஒரு வெட்டு

போளூரில் பேருந்தை விட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. சம்பத்கிரி மலையின் உச்சி மட்டும் இன்னும் மேகத்துக்குள் கிடந்தது. ஐப்பசி மாதம், தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள். பட்டுத் தறிக்காரர் வீட்டுக்கு விருந்தாளி போகக்கூடாத காலம் அது. ஆனால் முந்தின நாள் இரவு அவரே போனில் கூப்பிட்டிருந்தார். "பெட்டி மக்கர் பண்ணுது சார். பாக்கணும்னா காலைல வாங்க. ஓடுற தறியில என்னா பாக்கப் போறீங்க?"

பெட்டி என்றால் ஜக்காடு பெட்டி. சேலையின் கரையிலும் முந்தியிலும் அன்னமும் மாங்காயும் பூப்பது தறிக்கு மேலே சட்டத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் இந்தப் பெட்டியால்தான். ஆரணிப் பட்டு என்று புவிசார் குறியீடு வாங்கிய சேலை ஆரணி ஊருக்குள் மட்டும் நெய்யப்படுவதில்லை. தேவிகாபுரம், முனுகப்பட்டு, ஒண்ணுபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிச்சத்தம் உண்டு. போளூரிலும் அப்படிச் சில வீடுகள். காஞ்சிபுரத்துச் சேலையைவிட எடையும் விலையும் குறைவு என்பது ஆரணிச் சேலைக்கு உள்ள பெயர். அதனால் கூலியும் இழுபறிதான் என்பதைப் பெயர் சொல்வதில்லை.

நான் தெரிந்துகொள்ளப் போனது ஒரே கேள்விக்கு விடை. தறி பழுதானால் தானே சரிசெய்வது லாபமா, மெக்கானிக்கைக் கூப்பிடுவது லாபமா? படகு வைத்திருப்பவர், டிராக்டர் வைத்திருப்பவர், தையல் மிஷின் வைத்திருப்பவர் எல்லாருக்கும் உள்ள கேள்வி. படகு என்று சொன்னதில் ஒரு சின்னப் பொருத்தமும் இருக்கிறது. ஊடை நூலைச் சுமந்துகொண்டு பாவுக்குள் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடுகிற நாடாவுக்குப் பழைய அகராதிகளில் ஓடம் என்றும் ஒரு பெயர். ஜெர்மன்காரர்களும் அதைச் சின்னக் கப்பல் என்றே அழைக்கிறார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஈரச் சாக்கின் வாசனை. தறிக்குழியில் ஊற்று வந்திருந்தது. மிதிக்கு அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். அவருடைய மனைவி ஒரு பிளாஸ்டிக் சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். "இது தெனமும் இருக்கற வேலை, இதைப் பழுதுன்னு எழுதாதீங்க" என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

தறிக்காரருக்கு அறுபதை நெருங்கும் வயது. நெய்த சேலையைச் சுருட்டி வைத்திருந்த மரத்திலிருந்து ஒரு முழம் அவிழ்த்து, கரையை வெளிச்சத்தில் காட்டினார். மயில்கழுத்து நிறக் கரையில் சரிகை அன்னங்கள் வரிசையாக நடந்து போயின. முதல் ஏழெட்டு அன்னங்கள் ஒழுங்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு அன்னத்தின் கழுத்திலும் மயிரிழையாக ஒரு வெட்டு. அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. சொன்ன பிறகு அது மட்டும்தான் தெரிந்தது.

"இப்ப பாருங்க. ஒரு எடத்துல ஒரே ஒரு இழை தூக்கலன்னா மேல இருந்து வர்ற கயிறு அறுந்திருக்கும். ஒரே ஒரு வரியில மட்டும் தப்புன்னா அட்டையில கோளாறு. எல்லா அன்னத்துக்கும் அதே எடத்துல வெட்டுன்னா ஊசியோ ஸ்பிரிங்கோ போயிருக்கு." மூன்றே வாக்கியம். நான் பார்த்த டாக்டர்கள் பலர் இவ்வளவு தெளிவாக நோயைச் சொன்னதில்லை.

பெட்டியின் சூட்சுமம் இதுதான். துளை போட்ட அட்டைகள் கயிற்றில் கோத்து மாலைபோலத் தொங்குகின்றன. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஓர் அட்டை திரும்பி, படுக்கைவாட்டில் இருக்கும் ஊசிகளின் முனையில் போய் அழுந்தும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைந்து சும்மா இருக்கும். அதோடு சேர்ந்த கொக்கி நேராக நின்று, மேலே ஏறுகிற கத்தியில் மாட்டிக்கொண்டு தன் இழைகளைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னால் தள்ள, கொக்கி சாய்ந்து கத்திக்குத் தப்பிவிடும். தள்ளப்பட்ட ஊசியை மறுபடி முன்னால் கொண்டுவருவது பின்னால் இருக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங். அது தளர்ந்தால் கொக்கி சாய்ந்தது சாய்ந்தபடியே கிடக்கும். அன்னத்தின் கழுத்தில் வெட்டு விழும். இவர் பெட்டியில் 240 கொக்கி. அதில் ஒன்று தூங்கிவிட்டது.

பிரான்ஸில் லியோன் நகரத்துக்காரர் ஜோசப் மரி ஜக்கார் 1804 வாக்கில் செய்து முடித்த பொறி இது. அவர் இறந்த பிறகு, அவருடைய உருவப்படத்தையே இதே முறையில் பட்டில் நெய்தார்கள். 24,000 அட்டை தேவைப்பட்டதாம். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் அந்தப் படத்தில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தன் கணக்குப்பொறிக்கும் அட்டையையே நம்பினார். கணினியின் தாத்தா என்று இதைச் சொல்வது அதனால்தான். தாத்தாவை ஸ்குரூ டிரைவரால் சரிசெய்துவிடலாம் என்பது இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த செய்தி.

அவர் ஸ்டூலைப் போட்டுச் சட்டத்தின் மேல் ஏறினார். பெட்டியின் பின்தட்டைக் கழற்றி, ஒவ்வொரு ஊசியையும் விரல் நுனியால் தள்ளித் தள்ளி விட்டார். தள்ளியதும் துள்ளி வந்தவை நல்ல ஊசிகள். எழுபதோ எண்பதோ தள்ளிய பிறகு ஒன்று மெல்ல, சோம்பலாகத் திரும்பியது. "சிக்கிட்டான்." இடுப்பு மடியிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்தார். உள்ளே வளைந்த ஊசி, நீட்டின ஊசி, துருப்பிடித்த ஸ்பிரிங், துருப்பிடிக்காத ஸ்பிரிங், கொக்கி. இருபது வருஷத்துச் சேர்மானம். ஒன்றைத் தேர்ந்து மாட்டினார். கழற்றியதைத் தூக்கிப்போடவில்லை, டப்பாவுக்குள் போட்டார். "இது சின்னப் பெட்டிக்கு ஆவும்."

மேலே ஏறியதிலிருந்து இறங்கியதுவரை ஐம்பது நிமிடம். செலவு பூஜ்யம் என்று நோட்டில் எழுதப் போனேன்.

கீழே அவர் மனைவி அதற்குள் பிரிக்கத் தொடங்கியிருந்தார். வெட்டு விழுந்த பகுதி நாலு விரற்கடை. சரிகை ஊடையை ஒவ்வொன்றாக இழுத்து, முறுக்கு அவிழாமல், பாவு இழை அறாமல் பின்னோக்கி எடுக்க வேண்டும். நெய்வதைவிடப் பிரிப்பது கடினம். அறுந்த பாவு இழைகளை எச்சில் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். மத்தியானச் சோறு ஆறியும் அவர் எழுந்திருக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கணக்குப் போட்டோம். ஒரு பேச்சுக்கு, சேலைக்குக் கூலி 3,000 ரூபாய், நெய்ய ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டேன். நாளுக்கு 600. மெக்கானிக் 500 கேட்கிறார், வர இரண்டு நாளாகிறது என்றால் நின்ற தறிக்கு 1,200, அவருக்கு 500, ஆக மொத்தம் 1,700. தானே செய்தால் ஒரு நாள் போனது 600. லாபம் 1,100. நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் சிரித்தார். "சார் கணக்குல ரெண்டு விட்டுப்போச்சு."

முதலாவது, பிடித்தம். தானே கைவைத்து, சரியாகிவிட்டது என்று நம்பி, ஆகாமல் போனால்? வெட்டோடு சேலை முடிந்து முதலாளியிடம் போனால், அங்கே விளக்கடியில் விரித்துப் பார்ப்பார்கள். கூலியில் பிடிப்பார்கள், அல்லது சேலையைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஒரு சேலையின் பட்டும் சரிகையும் கூலியைவிடப் பல மடங்கு. தெரியாதவன் தானே சரிசெய்வதுபோல விலை கூடிய பழுது வேறு இல்லை. மெக்கானிக்குக் கொடுக்கும் ஐந்நூறு ஒருவகையில் பயத்துக்குக் கட்டும் தவணை.

இரண்டாவதை அவர் வாயால் சொல்லவில்லை. தறிப்பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே இன்னும் இழை பிணைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. கூலி தறிக்குத்தான், தறியில் எத்தனை பேர் உழைத்தாலும் கூலி ஒன்றே. ஊடை நூலைத் தார் சுற்றுவதும் இழை பிணைப்பதும் பிரிப்பதும் குழித்தண்ணீர் இறைப்பதும் அந்த ஒன்றுக்குள் அடக்கம். யார் பழுதுபார்த்தாலும் சரி, பிரிக்கிற வேலை இவருக்குத்தான். அதனால் என் கணக்கின் இரண்டு பக்கத்திலும் அது இருந்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்திலும் இல்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 31.45 லட்சம் கைத்தறிக் குடும்பங்கள் என்றது. நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே என்றும் சொன்னது. குடும்பம் என்ற சொல்லை எண்ணிக்கை அலகாக மட்டுமே படித்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக் கதை வேறு. அங்கே மின்னணு ஜக்காடு. அட்டை மாலை கிடையாது. வடிவத்தைப் பென் டிரைவில் ஏற்றிச் செருகினால் போதும். ஊசியைத் தள்ளும் வேலையை மின்காந்தங்கள் பார்த்துக்கொள்கின்றன. பெட்டியைத் தூக்க மோட்டார். காலால் பெட்டியின் கனத்தை நாள் முழுக்க மிதித்துத் தூக்கி முட்டி தேய்ந்தவர்களுக்கு அந்த மோட்டார் வரம்தான், அதில் சந்தேகமில்லை. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023இல் 300 ஆக்கியதும் இதற்குக் கைகொடுக்கிறது. அந்தத் தறி மூன்று நாளாக நிற்கிறது. அதன் சொந்தக்காரர் முப்பதுகளில் இருக்கும் இளைஞர், பிளஸ் டூ படித்தவர், செல்போனைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர். ஆனாலும் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. "எது போயிருக்குன்னு தெரிஞ்சாதானே சார் கைவெக்க முடியும்? உள்ள ஒரு போர்டு இருக்கு. லைட் எரியுது, தூக்கல. அவ்ளோதான் தெரியும்."

கயிறும் மரமுமாகத் தறி இருந்த காலத்தில் பழுதும் கண்ணுக்குத் தெரிந்தது. ஜக்காடு வந்தபோது கொஞ்சம் மறைந்தது. ஆனாலும் விரலால் தள்ளிப் பார்க்கலாம். போர்டில் தள்ளிப் பார்க்க எதுவும் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு ஒன்றை அமைத்தது. வேளாண் கருவி, செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருள், வீட்டுச் சாதனம், வாகனம் என நான்கு துறைகளைக் குறித்தார்கள். தறி அந்த நான்கில் வரவில்லை. 2016இல் தொடங்கிய மத்தியத் திட்டம் ஒன்றில் தறிக்கும் ஜக்காடுக்கும் விலையில் 90 விழுக்காட்டை அரசே தருகிறது. அது வாங்குவதற்கான உதவி. வாங்கிய பொருள் ஐப்பசியில் நின்றால் யாரைக் கேட்பது என்பதைத்தான் அந்த இளைஞர் என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நாலு மணிக்கு மெக்கானிக் வந்தார். டிவிஎஸ் எக்ஸெல் வண்டி, முன்னால் ஒரு காக்கிப் பை. நனைந்திருந்தார். நான் நினைத்துவைத்திருந்த கறார் மனிதர் அல்ல. ஒரு தறிக்காரரின் மகன், நாற்பது வயதுக்குள். வந்தவுடன் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் பெரியவரிடம் வந்தார். "மாமா, என்னாச்சு, சரியாயிடுச்சா?" நேற்றிரவே போனில் இவரிடம் கேட்டிருக்கிறார் பெரியவர். "எல்லா அன்னத்துலயுமான்னு பாரு மாமா, ஆமான்னா ஸ்பிரிங்குதான்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்குக் காசு கிடையாது. மூன்று வாக்கியத்தில் நோயைச் சொன்ன பெருமை ஓரளவு இவருக்கும் சேர வேண்டியது. எனக்குத் தெரிந்தபோது பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மெக்கானிக்கிடம் அவர் பக்கத்துக் கணக்கு இருந்தது. தீபாவளிக்கு முந்தின மாதம் எல்லாத் தறியும் ஒன்றாகப் படுக்கும், பொங்கலுக்குப் பிறகு ஒன்றும் படுக்காது. மழையில் அட்டை ஊதித் துளை ஊசிக்கு நேராக நிற்காமல் போய், பழுதே இல்லாத பெட்டிக்கும் கூப்பிடுவார்கள். போனிலேயே "பல்பு போடு" என்று சொல்லி வைத்துவிடுவார். அட்டை மாலைக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு எரித்தால் ஈரம் போய்விடும். "இப்ப எல்இடி பல்பைத் தொங்கவிட்டுட்டு ஆறலன்னு திரும்பக் கூப்புடறாங்க சார். அதுல சூடு எங்க இருக்கு?" பெரியவர் வீட்டில் பழைய அறுபது வாட் பல்பு ஒன்றைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

"கை வெக்காத பெட்டின்னா ஒரு மணி நேரம். கை வெச்ச பெட்டின்னா ரெண்டு. முதல்ல அவங்க செஞ்சதைப் பிரிக்கணும், அப்புறம் பழுதைப் பாக்கணும்." அப்படியானால் யாரும் கைவைக்கக் கூடாதா என்றேன். "மாமா வெக்கலாம்" என்றார். உட்கார்ந்திருந்தவருக்குக் காது கேட்டது.

பக்கத்து வீட்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு மீட்டரை வைத்து அங்கங்கே தொட்டுப் பார்த்தார். போர்டைக் கழற்றி, பழைய நியூஸ்பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்தார். வெளியூருக்கு அனுப்ப வேண்டும். நான்கு நாள், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. அந்த இளைஞர் விரலை மடக்கி நாள் எண்ணினார். தீபாவளிக்குள் ஒரு சேலை போய்விட்டது. வந்ததற்கு எவ்வளவு என்று அவர் கேட்க, "போர்டு வரட்டும்ணா, சேத்துப் பாத்துக்கலாம்" என்று மெக்கானிக் வண்டியை எடுத்தார்.

எடுத்தவர் நிறுத்தினார். பெரியவர் வாசலில் நின்றிருந்தார்.

"மாமா, அந்த டப்பால எரநூத்து நாப்பது பெட்டி ஊசி ரெண்டு இருக்குமா? களம்பூர்ல ஒரு பெட்டி நிக்குது. புதுசு ஆரணியிலயே இல்ல."

பெரியவர் மடியிலிருந்து டப்பாவை எடுத்து, திண்ணையில் கவிழ்த்து, மூன்று பொறுக்கினார். ஒன்றைத் தரையில் உருட்டிப் பார்த்து, வளைவு இருந்ததால் திரும்ப டப்பாவில் போட்டார். இரண்டைக் கொடுத்தார். காசைப் பற்றி இருவரும் பேசவில்லை. உள்ளே அந்த அம்மா கடைசி இழையைப் பிணைத்துவிட்டு, குழிக்குள் ஒரு காய்ந்த சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க, கால் வெக்கலாம்" என்றார் கணவரைப் பார்த்து.