நான் வண்டி வாங்கிய கதை

பௌதிகவியல் படிப்பிக்கும் ஒருவனுக்கு வண்டியொன்றைத் தெரிவு செய்வது இலகுவான காரியமாகத்தான் இருக்கும் என்று பலர் எண்ணுவர். உராய்வு, திருப்பம், புவியீர்ப்பு மையம் என்பனவெல்லாம் அவன் நாவின் நுனியில் நிற்பவை அல்லவா? நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை ஒரு குளக்கட்டுச் சரிவிலே, என் மகனின் கண்முன்னே அறிந்துகொண்டேன். அதைப் பின்னர் கூறுவேன்.

எங்கள் காணி கிளிநொச்சி மாவட்டத்திலே உருத்திரபுரத்துப் பக்கத்தில் உள்ளது. இரணைமடு நீர் பாயும் வயல் இரண்டு ஏக்கர். தென்னையும் வாழையும் நிற்கும் மேட்டுக் காணி ஓர் ஏக்கர். ஐயாவும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்திலே கல்லூரியொன்றில் ஆசிரியனாக இருந்துகொண்டு, வெள்ளி மாலையிலே பஸ் ஏறி, ஞாயிறு மாலையிலே திரும்பும் வார இறுதி விவசாயி. ஐயாவுக்கு வயது 76. விதைநெல், பசளை, தேங்காய், அரிசி மூட்டை எதுவாயினும் அவருடைய சைக்கிளின் பின் கரியரிலேதான் பயணம் செய்யும். கோடையிலே இது பெரும் கஷ்டமன்று. மாரி பிறந்ததும் களிமண் தன் குணத்தைக் காட்டும். சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையிலே சேறு அடைந்து, சைக்கிளை மனிதன் சுமக்கவேண்டிய நிலை வந்துவிடும்.

2024 கார்த்திகை மாதத்து வெள்ளம் வடிந்த மறுவாரம் ஐயா பசளை மூட்டையோடு வரம்பிலே வழுக்கி விழுந்தார். கணுக்கால் முறிந்தது. மூன்று மாதம் கட்டிலிலே கிடந்தபடியே வயலை அம்மாவின் வாய்மொழியால் மேற்பார்வை செய்தார். அந்த மூன்று மாதத்திலேதான், "இனிச் சைக்கிள் ஆகாது, ஏதேனும் ஓர் இயந்திரம் வேண்டும்" என்ற தீர்மானம் வீட்டிலே நிறைவேறியது. எந்த இயந்திரம் என்பதிலேதான் சபை பிளவுபட்டது.

முதலாவது பிரேரணை அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே வாழும் என் மைத்துனன் தொலைபேசியிலே, "அத்தான், இஞ்ச தோட்டக்காரர் எல்லாரும் குவாட் பைக்கிலதான் திரியினம். சேறு, மணல், மேடு எல்லாத்திலயும் போகும். இப்ப வாகனம் இறக்க விட்டிட்டாங்களாம். காசை நான் பாக்கிறன்" என்றான். 2020 மார்ச்சிலே விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியிலே தளர்த்தப்பட்டிருந்தது உண்மையே. மகன் உடனே படங்களைக் கொண்டுவந்து காட்டினான். நான்கு பருத்த சில்லுகள். நடுவிலே மோட்டார் சைக்கிள் போன்ற இருக்கை. சிங்கம் குந்தியிருப்பது போன்ற தோற்றம். எனக்கும் ஆசை வந்தது என்பதை மறைக்கவில்லை.

ஆயினும் ஆசிரியத் தொழிலின் பழக்கம் விடுமா? படித்துப் பார்த்தேன். இவ்வகை வண்டியை 1970 இலே ஹொண்டா நிறுவனத்தார் மூன்று சில்லுகளோடு விற்பனைக்கு விட்டனர். நான்கு சில்லு வண்டியைப் பல ஆண்டுகள் கழித்துச் சுசுகி நிறுவனத்தார் கொண்டுவந்தனர். மூன்று சில்லு வண்டி அடிக்கடி புரண்டு பலரைக் காயப்படுத்தியதால், 1988 இலே அமெரிக்காவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இவ்வண்டிகளின் சிறப்பெல்லாம் சில்லிலே இருக்கிறது. மோட்டார் காரின் சில்லிலே சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவில் காற்று அடைப்போம். இதற்கோ 5 இறாத்தல் அளவு போதும். ஆதலால் சில்லு தரையிலே பரந்து படிந்து, சேற்றிலே புதையாமல் மிதந்துவிடுகிறது.

அதன் ஆபத்தோ அதன் உருவத்திலே இருக்கிறது. அகலம் குறைவு, உயரம் அதிகம், ஓட்டுபவன் தன் உடலைச் சரித்துச் சரித்தே நிலையைக் காக்கவேண்டும். புரண்டால் ஏறக்குறைய 300 கிலோ எடை மேலே விழும். மைத்துனன் புகழ்ந்த அதே அவுஸ்திரேலியாவிலே பண்ணை மரணங்களுக்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. அங்கு 2021 ஒக்டோபர் முதல், புரளும்போது ஓட்டுநரை நசுக்காமல் காக்கும் வளைவின்றிப் புதிய வண்டி விற்க முடியாது. கணுக்கால் முறிந்த 76 வயதுக்காரர் உடலைச் சரித்து ஓட்டுவதாவது! மேலும், கிளிநொச்சிக் கடைத்தெருவிலே நான் ஏறி இறங்கிய கடைகள் ஒன்றிலும் இதற்கு ஒரு திருகாணிதானும் கிடைக்கும் என்று எவரும் கூறவில்லை.

நான்கு சில்லு உழவு இயந்திரம் எங்களுக்கு அளவு மீறியது. இரண்டு ஏக்கருக்கு அதனை வாங்குவது, எலி பிடிக்க யானை வளர்ப்பது போலாகும். உழவுக்கு மட்டும் கூலிக்குப் பிடிப்போம். 2022 இலே எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கூலியோடு டீசலையும் நாமே தேடிக் கொடுக்கவேண்டி வந்தது. கானை வரிசையில் வைத்துவிட்டு மர நிழலிலே மாணவர் விடைத்தாள்களைத் திருத்தியது இன்னும் நினைவிருக்கிறது.

எஞ்சியது லான்ட்மாஸ்ரர். இரு சக்கர உழவு இயந்திரத்துக்கு எங்கள் ஊரிலே இதுதான் பெயர். பிரித்தானியாவிலே செய்யப்பட்ட அப்பெயருடைய இயந்திரம் இலங்கைக்கு வந்து, மறைந்தும் போய்விட்டது. யப்பான் இயந்திரமும் சீன இயந்திரமும் இன்று அதே பெயரைச் சுமக்கின்றன. ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், இரண்டு நீண்ட கைபிடி, பின்னால் ஒரு பெட்டி, அவ்வளவே. வயலுக்குள் இறங்கும்போது இறப்பர்ச் சில்லைக் கழற்றி இரும்புச் சில்லைப் பூட்டலாம். பெட்டியைக் கழற்றிவிட்டுக் கலப்பை பூட்டலாம். நீர் இறைக்கும் பம்பியையும் இணைக்கலாம். ஊரிலே இதைத் திருத்தத் தெரியாத இளைஞன் இல்லை. ஓடும் வேகமோ சைக்கிள்காரன் முந்திச் செல்லும் வேகம். மகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

இவற்றையெல்லாம் நான் கட்டிலருகே அமர்ந்து ஐயாவுக்கு ஒவ்வொன்றாக விளக்கினேன். எந்த வண்டியைக் கூறினாலும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பெட்டியிலை எத்தினை பேர் ஏறலாம் தம்பி?"

"ஐயா, ஆக்களை ஏத்த இல்லை, நெல்லு ஏத்தத்தானே வாங்கிறம்?" என்பேன்.

"ஓ..." என்று முகட்டைப் பார்ப்பார். அடுத்த வாரமும் அதே கேள்வி. முதுமையின் மறதி என்று நினைத்து, ஒரு நாள் குரலை உயர்த்தியும் விட்டேன்.

அன்று மாலை கிணற்றடியிலே அம்மா சொன்னா. எங்களிடம் முன்பு ஒரு லான்ட்மாஸ்ரர் இருந்தது. அதை 2009 இலே இழந்தோம் என்பது எனக்குத் தெரியும். எவ்வாறு இழந்தோம் என்பதை நான் கேட்டதில்லை. 2006 ஓகஸ்ட்டிலே ஏ9 பாதை மூடப்பட்டபோது நான் யாழ்ப்பாணத்திலே அகப்பட்டுக்கொண்டேன், அவர்கள் வன்னியிலே. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கிழக்கே சென்றபோது அந்த இயந்திரத்திலேதான் சென்றிருக்கிறார்கள். பாத்திரங்களையும் நெல் மூட்டைகளையும் இறக்கி வைத்துவிட்டுப் பதினொரு பேரை ஏற்றினாராம் ஐயா. விசுவமடுவைத் தாண்டி ஓரிடத்திலே, எங்கள் ஒழுங்கையிலேயே வாழ்ந்த ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் கைகாட்டி நின்றார்களாம். இடமில்லை. "இவையளை இறக்கிப்போட்டு வந்து ஏத்திறன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். திரும்பும் பாதை இருக்கவில்லை. சில நாளிலே டீசலும் முடிந்தது. புதுக்குடியிருப்புக்கு அப்பால் தெருவோரத்திலே இயந்திரத்தை விட்டுவிட்டு நடந்தார்கள். செட்டிகுளத்து முகாமிலே ஐயா கூடாரம் கூடாரமாக அந்தத் தாயைத் தேடினாராம். அவர்களைக் கண்டவர்கள் இல்லை.

அதன்பின் நான் ஐயாவிடம் வாதிக்கவில்லை. மைத்துனனுக்கு எழுதிய கடிதத்திலே, "வண்டியிலே ஒருவர்தான் ஏறலாம்; அது ஐயாவுக்குப் போதாது" என்று மட்டும் குறிப்பிட்டேன். மனைவி இரண்டு சோடிக் காப்பைக் கழற்றித் தந்து, "இஞ்சாருங்கோ, மீட்டுத் தருவன் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, மீட்டுத் தாங்கோ" என்றாள்.

அக்கராயன் பக்கத்து விவசாயி ஒருவர் தம் பழைய இயந்திரத்தை விற்க இருந்தார். 2025 வைகாசி மாதத்திலே ஐயா, மகன், ஊர்த் திருத்துநர் ஒருவர், நான் ஆகிய நால்வரும் சென்றோம். ஐயா ஊன்றுகோலோடு வந்தார். திருத்துநர் பேசாமலே பார்த்தார். கைபிடியைச் சுழற்றி, எஞ்சின் கையை எவ்வளவு எதிர்க்கிறது என்று அளந்தார். புகை நீலமானால் எண்ணெய் எரிகிறது என்பது பொருள். இது முதலிலே கறுத்துப் பின் தெளிந்தது. பல்சில்லுப் பெட்டியின் எண்ணெயை விரலிலே தொட்டு, பாலாடை போல் வெளுத்திருக்கவில்லை, ஆகவே உள்ளே தண்ணீர் புகவில்லை என்றார். பெல்ற் மட்டும் தேய்ந்திருந்தது. பின்னர் என்னைப் பார்த்து, "மாஸ்ரர், ஓடிப் பாருங்கோ" என்றார்.

சமதரையிலே ஓட்டுவது விளையாட்டாக இருந்தது. இதற்குத் திருப்பும் வளையம் கிடையாது. இடக் கைபிடியின் கீழுள்ள கிளச்சைப் பிடித்தால் இடச் சில்லின் ஓட்டம் நிற்கும். வலச் சில்லு தள்ள, வண்டி இடப்புறம் திரும்பும். மகனும் பெட்டியிலே ஏறிக்கொண்டான். பெருமிதத்தோடு குளக்கட்டிலே ஏறி, மறுபக்கத்துச் சரிவிலே இறங்கினேன். கீழே வலப்புறம் வாய்க்கால். நான் இடப்புறம் திரும்பவேண்டும். இடக் கிளச்சைப் பிடித்தேன். வண்டி வலப்புறம் திரும்பி வாய்க்காலை நோக்கி ஓடியது. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இன்னும் வலப்புறம் போயிற்று!

"கிளச்சை விடடா!" என்ற குரல் கேட்டது. ஐயா என்னை 'டா' போட்டு அழைத்து முப்பது ஆண்டு இருக்கும். விட்டேன். வண்டி நேராகி, வாய்க்கால் விளிம்புக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. திரும்பிப் பார்த்தேன். மகன் பெட்டியின் சட்டத்தை இரு கைகளாலும் பற்றியபடி நின்றான். ஐயா ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டுச் சரிவிலே பாதி தூரம் வந்திருந்தார்.

காரணம் மிக எளியது. சமதரையிலே எஞ்சின் சில்லை ஓட்டுகிறது. இறக்கத்திலே பாரம் பின்னாலிருந்து தள்ள, எஞ்சின் சில்லைப் பிடித்து நிறுத்துகிறது. அவ்வேளை இடக் கிளச்சைப் பிடித்தால் இடச் சில்லு கட்டவிழ்ந்து விரைந்தோடும். வண்டி எதிர்ப்புறம் திரும்பும். இறக்கத்திலே கிளச்சுகள் இடம்மாறிவிடுகின்றன என்பதைப் பள்ளிக்கூடத்துப் படியேறாத சிறுவரும் அங்கே அறிவர். உயர்தர வகுப்புக்கு இருபது ஆண்டாக விசையும் திருப்பமும் படிப்பிக்கும் நான் அறியவில்லை. மறுவாரம் கரும்பலகையிலே இதனையே ஒரு வினாவாக எழுதினேன். ஆசிரியர் வாய்க்காலிலே விழப்போன செய்தி எப்படியோ முன்னரே வந்துவிட்டதால், பின்வாங்கிலிருந்தவனும் சரியான விடை எழுதினான்.

வண்டியை அன்றே வாங்கிவிட்டோம். அதை வீட்டுக்கு ஓட்டிவந்தவர் திருத்துநர். பெட்டியின் இரு பக்கத்துக்கும் ஐயா தாமே பலகை சீவி ஆசனம் அடித்தார். நெல் மூட்டை அடுக்குவதற்கு அவை பெரும் இடைஞ்சல். கழற்றுங்கள் என்று நான் கூறவில்லை. மேலும் ஒரு வழக்கம் உண்டு. மாலையிலே வேலை முடிந்ததும், தும்பால் தேய்த்துக் கழுவியபின், வண்டியைக் கொட்டிலுக்குள் அப்படியே செலுத்தி நிறுத்தமாட்டார். அரைமணி நேரம் பாடுபட்டு, பெட்டியைக் கழற்றித் தள்ளித் திருப்பி, முகப்புத் தெருப் படலையைப் பார்க்கும்படி வைத்துவிட்டுத்தான் சாப்பிட வருவார். டீசல் கான் எப்போதும் நிறைந்திருக்கும்.

பெல்ற் இன்னும் மாற்றவில்லை. காலபோக விதைப்புக்கு முன் மாற்றவேண்டும். வரும் சனிக்கிழமை கிளிநொச்சிக்குப் போகவேண்டும்.