மண்டையோடு சுமந்த விருந்தாளி

கொடைக்கானலிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செண்பகனூரை நாங்கள் அடைந்தபோது, மலைச்சரிவெங்கும் பனி இறங்கியிருந்தது. நண்பர் ஒருவரின் இல்லத்தில் அன்றிரவு தங்கினோம்.

இரவு 8 மணியளவில், தாழ்வார விளக்கை நாடி வந்த பெரிய அந்துப்பூச்சி ஒன்று சுவரில் அமர்ந்தது. அதன் முதுகில் மண்டையோடு ஒன்று எழுதி வைத்தாற்போல் தெரிந்தது! நண்பரின் தாயாரோ பல நாள்களாக நோயுற்றுப் படுத்திருந்தார். "ஐயா, இது இன்றைக்கு வருவானேன்? அம்மாவுக்கு ஏதேனும் நேருமோ?" என்று கலங்கியவர், துடைப்பத்தை ஓங்கினார். அவர் கையைப் பற்றி நிறுத்தினோம்.

துடைப்பத்தின் நுனி பட்டதும் பூச்சி கீச்சென்று ஒலித்தது. நண்பர் நடுங்கினார். தன் குட்டையான உறிஞ்சுகுழல் வழியே அது காற்றைச் செலுத்தி எழுப்பும் ஒலியே அது என்று விளக்கினோம்.

மண்டையோட்டுக் குறியுடைய அந்துப்பூச்சிகள் மூவகை. 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட அட்ரோபாஸ், ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரியது. நம் நாட்டில் வாழ்பவை ஸ்டிக்ஸ், லாக்கெசிஸ் என்னும் இரண்டுமே. முதுகை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிதல் அரிது. பின்னிறகைக் காண வேண்டும். ஸ்டிக்ஸின் பின்னிறகு மஞ்சள். அதன் குறுக்கே இரு கரும்பட்டைகள் ஓடும். லாக்கெசிஸின் பின்னிறகிலோ அடிப்பகுதியே கறுத்திருக்கும், உடலும் பெரிது. எங்கள் விருந்தாளி வெகுண்டு இறகை உயர்த்தியபோது, அடியில் அக்கருமை தெரிந்தது. லாக்கெசிஸ்தான்!

எள்ளுச் செடியின் இலையைத் தின்னும், வாலில் கொம்புடைய பருத்த புழுவை நம் உழவர் அறிவர். ஸ்டிக்ஸின் பிள்ளைப்பருவம் அதுவே. வளர்ந்த பூச்சிகள் கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. தேன்கூட்டில் புகுந்து தேனருந்துவதே அவை செய்யும் களவு. சாவை நினைவூட்டும் கிரேக்கப் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியவர்கள் மனிதர்களே.

மறுநாள், இயேசு சபைக் குருக்கள் 1895-இல் தொடங்கிய இயற்கை அருங்காட்சியகத்துக்கு நண்பரையும் அழைத்துச் சென்றோம். பேழைகளில் வரிசையாயிருந்த பூச்சிகளின் முன் அவர் நெடுநேரம் நின்றார். ஒவ்வோர் இறகையும் உற்றுநோக்கினார். முந்தைய இரவின் அச்சம் அவர் முகத்தில் இல்லை.

வீடு திரும்பியபோது, தாயார் கட்டிலில் சாய்ந்தமர்ந்து காப்பி கேட்டுக்கொண்டிருந்தார். "இரவில் என்ன சத்தம்?" என்று வினவினார். நண்பர் புன்னகைத்து, "விருந்தாளி ஒருவர் வந்து போனார், அம்மா" என்றார்.

அன்பர்களே, அடுத்த முறை துடைப்பத்தை எடுக்குமுன் விளக்கை எடுத்துப் பாருங்கள்.